ஒருத்திகூட வீட்டை விட்டுப் போகவில்லை

தமயந்திக்கு ஒரு நாவல் எழுதவேண்டும். கேட்பதற்கு அப்படியொன்றும் பேராசையாகத் தெரியாது. ஆனால் விட்டால்தானே! முதல் வரியை எழுதி முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அழைப்பு வந்து கை வளையம் அதிரும். சுவர்த்திரையில் யாருடைய முகமாவது முளைக்கும். பால் தீர்ந்துவிட்டது என்று பிரிட்ஜ் சொல்லும். வாசல் மணி தன் பங்குக்கு, வந்து நிற்பவரின் படத்தைப் பிடித்து அனுப்பும். முன்னெல்லாம் போன் ஒன்றுதான் உயிரை வாங்கியது. இப்போது வீடே போன் ஆகிவிட்டது, எங்கே போய் ஒளிந்துகொள்வது?

இதில் அவள் பார்த்த வேலை வேறு சேர்ந்துகொண்டது. எட்டரை மணித் தொடருக்கு அவள்தான் வசனம். தொடரின் நாயகி மகிழா; புகுந்த வீட்டில் படாத பாடெல்லாம் பட்டுக்கொண்டு பன்னிரண்டு வருடமாக அழுதுகொண்டிருப்பவள். காலையில் படப்பிடிப்பு தொடங்கும்போது அன்றைய காட்சி எழுதப்பட்டிருக்காது. டைரக்டர் மாணிக்கவேல் செட்டிலிருந்து, "மேடம், ஆஸ்பத்திரி ஸீன், அம்மாவும் மகளும்" என்று ஒரு தகவல் தட்டிவிடுவார். தமயந்தி எங்கே இருந்தாலும் சரி, ஆட்டோவிலோ காய்கறிக் கடையிலோ, போனை வாயருகே வைத்து மாமியாராக மிரட்டுவாள், மகிழாவாக விம்முவாள், அம்மாவாக ஆறுதல் சொல்லுவாள். எல்லாம் அவள் குரலிலேயே பதிவாகிச் செட்டுக்குப் போகும். அங்கே உதவி இயக்குநர் ஒருவர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, நடிகர்களுக்கு எடுத்துக் கொடுப்பார். சாலிக்கிராமத்து ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது. புதிதாக ஏற்றுகிறவர் மட்டும் கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று வண்டியை ஓரங்கட்டுவார்.

தான் எழுதுவதில் அவளுக்குத் துளி நம்பிக்கையும் கிடையாது. அவளே தன் முப்பதாவது வயதில், அடித்த புருஷனை விட்டு ஒற்றைப் பையோடு வெளியே வந்தவள். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது அவள் தங்கை கோமதி. அப்போது கோமதி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "திரும்பிப் பாக்காமப் போக்கா" என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீட்டில் எல்லாரிடமும் அவள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தக் கதையைத்தான் தமயந்தி நாவலாக எழுத ஆசைப்பட்டாள். ஒரு பெண் வாசலைத் தாண்டிப் போகிற கதை. தொடரில் அது நடக்காது. மகிழா வீட்டை விட்டுப் போனால் தொடர் முடிந்துவிடும், சேனல் சும்மா விடுமா?

கோமதி இப்போது தென்காசியில் இருந்தாள். புருஷன் வேலாயுதம் சிமெண்ட் கடை வைத்திருந்தான். பிள்ளை இல்லை. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். பகல் சாப்பாட்டு வேளையில் அக்காவைக் கூப்பிடுவாள். தமயந்திக்குத் தங்கை மேல் உயிர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு காதில் தங்கை பேசும்போதே மறு காதில் மாணிக்கவேல் வந்துவிடுவார். "ம்... சொல்லுட்டி... ம்..." என்பாள். பிறகு, "ஒரு நிமிசம் இருட்டி" என்பாள். அந்த ஒரு நிமிஷம் அநேகமாகத் திரும்பி வராது.

இந்தச் சமயத்தில்தான் பதிலிகள் வந்தன. நமக்காக நம் குரலில், நம் முகத்தில், நம்மைப் போலவே பதில் சொல்லும் மென்பொருள். கூப்பிடுகிறவர்களோடு அது பேசும், கேட்டதற்கு விடை சொல்லும், சமாளிக்கும். நாம் நம் வேலையைப் பார்க்கலாம். வந்த புதிதில் ஒரே ரகளை. யாரைக் கூப்பிட்டாலும், "ஹலோ"வுக்குப் பதிலாக "ஆளா, பதிலியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்டால் பதிலி உண்மையைச் சொல்லியாகவேண்டும், அது சட்டம். ஆனால் மூத்தவர்களிடம் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்றும் ஒரு வழக்கம் கூடவே வந்து சேர்ந்தது. மாமனாரிடம் போய் "ஆளா?" என்று கேட்க முடியுமா? தங்கை அக்காவிடம் கேட்பாளா?

தமயந்தி ஒரு பதிலி வாங்கினாள். பொருத்திக் கொடுக்க ஃபெலிக்ஸ் என்ற பொறியாளர் வீட்டுக்கு வந்தார். பொறுமையான மனிதர், எதையும் இரண்டு தடவை விளக்குவார்.

பதிலி பழகுவதற்கு அவள் ஒரு மாதம் வீட்டு மனிதர்களோடு பேசுவதையெல்லாம் பதிவு செய்யவேண்டும் என்றார். தமயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதமா? நாவல் அதற்குள் இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போகுமே! சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. பன்னிரண்டு வருடமாகச் செட்டுக்குப் பேசி அனுப்பிய பதிவுகள் அப்படியே இருக்கின்றன. எல்லாம் அவள் குரல். கோபம், அழுகை, கொஞ்சல், எது வேண்டும்? போதாதா?

ஃபெலிக்ஸ் தயங்கினார். "குரல் மட்டும்னா போதும் மேடம். ஆனா இது, ஒருத்தர் ஒண்ணு சொன்னா நீங்க என்ன பதில் சொல்லுவீங்கங்கறதையும் இதுலேர்ந்துதான் கத்துக்கும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து வளையம் அதிர்ந்தது. மாணிக்கவேல். மாமியார் மயங்கி விழுகிற காட்சிக்கு நான்கு வரி உடனே வேண்டுமாம். தமயந்தி எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று மயங்கி விழுந்துவிட்டு வந்தாள். ஃபெலிக்ஸ் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னார். அவள், "சரி சரி, போட்டுருங்க" என்றாள். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசுக்குள் போகவில்லை. ஃபெலிக்ஸும் மனிதர்தானே, மூன்றாவது தடவை சொல்லவில்லை.

அதன்பிறகு வந்த அமைதியைச் சும்மா சொல்லக்கூடாது. பின்பக்கத்து அறையில் சுவருக்குள் தகடு பதித்து, எந்த அலையும் நுழையாமல் செய்துகொண்டாள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, காகிதம், பேனா. முதல் நாள் அவளால் எழுத முடியவில்லை. கை பழக்கத்தில் வளையத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. யாரோ கூப்பிடுவது போல எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாரம் போனது. பிறகு ஒரு காலையில் மின்விசிறியின் சத்தம் முதல்முறையாகக் காதில் விழுந்தது, அதற்கடுத்து ஒரு வரி வந்தது. அந்த வரிக்குப் பின்னாலேயே இன்னொன்று. மத்தியானம் தலைநிமிர்ந்து பார்த்தபோது நான்கு பக்கம் ஆகியிருந்தது. தமயந்தி உட்கார்ந்தபடியே அழுதாள். தொடருக்காக இல்லாமல் அழுது வெகுகாலம் ஆகியிருந்தது.

வெளியே பதிலி சக்கைப்போடு போட்டது. மாணிக்கவேல் காட்சி கேட்டால் அதுவே வசனம் பேசி அனுப்பியது. தொடருக்கு முன்னைவிட மவுசு கூடியது என்று சேனலில் பூங்கொத்து அனுப்பினார்கள், அதற்கும் பதிலியே நன்றி சொன்னது. சாயங்காலம் அன்று யார் யார் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குச் சொல்லும். ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம் என்று அவள்தான் கறாராகச் சொல்லியிருந்தாள். 'கோமதி பேசினாள். வழக்கம்போல்தான். கவலைப்பட ஒன்றுமில்லை.' பெரும்பாலும் இந்த வரிதான். தமயந்தி நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போவாள். நாவல் முடிந்ததும் முதல் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போய் நிற்கவேண்டும், அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். நினைப்புக்கென்ன குறைச்சல்.

மாசி மாதம் தொடங்கியது ஐப்பசியில் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் வாசலைத் தாண்டினாள், தங்கை பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தாள். தமயந்தி பேனாவை மூடினாள். அறையை விட்டு வெளியே வந்து, பதிலியை ஒரு மணி நேரத்துக்கு ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டு, தானே தங்கையைக் கூப்பிட்டாள்.

எடுத்ததுமே கோமதி, "சாப்ட்டியாக்கா?" என்றாள். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. தமயந்திக்கு இருந்த சந்தோஷத்தில் அது உறைக்கவில்லை. ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தவள், பேச்சுவாக்கில், லேபில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டு வைத்தாள்.

"எந்த லேபு? நான்தான் சித்திரையிலயே நின்னுட்டேனே. நீதானக்கா நிக்கச் சொன்ன."

தமயந்திக்கு ஒன்றும் புரியவில்லை. "நானா?"

"அவுகளுக்குப் பிடிக்கலன்னா விட்டுருட்டின்னு சொன்னேல்லா. பெறகு வைகாசியில, நான் அங்க வந்துரட்டுமான்னு கேட்டதுக்கு..." கோமதி சற்று நிறுத்தினாள். "'இந்த வீட்டுப் படிய நீ தாண்டிட்டா, இதுவரைக்கும் நீ அழுத அழுகைக்கெல்லாம் அர்த்தமில்லாமப் போயிரும்'னு சொன்னியே. அத நெனச்சுத்தான் இருந்துக்கிட்டேன்."

 அந்த வரி தமயந்திக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஸீன், அம்மாவும் மகளும். வடபழனி சிக்னலில் ஆட்டோ நின்றபோது பேசி அனுப்பியது. இரண்டாவது வரியில் தொண்டை கம்ம வேண்டும் என்று தானே கம்மியும் காட்டியிருந்தாள். மாணிக்கவேல், "பிச்சுட்டீங்க மேடம்" என்றார்.

"ஏட்டி, நாளைக்கே நான் வாரேன். நீ ஒண்ணும் பயப்படாத" என்றாள் தமயந்தி.

மறுமுனையில் கோமதி மெல்லச் சிரித்தாள். "நீ தெனமும் இதத்தான சொல்லுத" என்றாள். அடுப்பில் ஏதோ பொங்குகிறதென்று வைத்துவிட்டாள்.

தமயந்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃபெலிக்ஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாள், மென்பொருள் கெட்டுப்போய்விட்டது, குடும்பத்தைக் கெடுத்துவிட்டது என்றாள். அவர் எதிர்வாதம் செய்யாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பதிலியைத் தூரத்திலிருந்தே சோதித்துவிட்டு, அரைமணி கழித்து அவரே கூப்பிட்டார். எந்தக் கோளாறும் இல்லை என்றார்.

"அழுதுட்டு ஒரு பொண்ணு வந்தா என்ன சொல்லணும்னு அது நீங்க கொடுத்ததுலதான் தேடுது மேடம். உங்ககிட்ட அழுற பொண்ணுங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. எல்லாருக்கும் யாராவது ஆறுதல் சொல்றாங்க, பொறுத்துக்கோன்னு சொல்றாங்க, நாளைக்கு வர்றேன்னு சொல்றாங்க. ஒருத்திகூட வீட்டை விட்டுப் போகலையே. போகச் சொல்லலாம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கவலைப்பட ஒண்ணுமில்லன்னு எனக்குத் தினமும் சொல்லுச்சே, அது?"

"அதுக்கு அழுகை சாதாரணம் மேடம். பன்னிரண்டு வருஷமா தினமும் கேட்டது."

 தமயந்தி அதை அடியோடு நிறுத்திவிடும்படி சொன்னாள். யோசித்துச் சொல்லுங்கள், இத்தனை மாதமாக அது தடுத்து வைத்திருந்ததெல்லாம் இனி நேராக உங்களிடம் வரும் என்று ஃபெலிக்ஸ் எச்சரித்தார். வரட்டும் என்றாள்.

வந்தது. அணை திறந்தது போல வந்தது. செட், சேனல், வங்கி, குடியிருப்போர் சங்கம், பூங்கொத்து கொடுத்தவர்கள், எல்லாரும். மாணிக்கவேல் பதறிப்போய்விட்டார். மகிழா விஷயத்தில் முக்கியமான கட்டம், மேடம் திடீரென்று ஊமையானால் எப்படி? தமயந்தி யாருக்கும் பதில் சொல்லாமல் தென்காசி ரயிலில் ஏறினாள். பையில் நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது. வழியெல்லாம் வளையம் அதிர்ந்தபடியே வந்தது. கழற்றி எறிந்துவிடலாம்தான். வழியில் கோமதி கூப்பிட்டால் என்ன செய்வது என்று கழற்றவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது வேலாயுதம் கடைக்குப் போயிருந்தான். கோமதிதான் கதவைத் திறந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, முறிந்து சரியாகச் சேராத எலும்பு. தமயந்தியின் கண் அதிலேயே நின்றதைப் பார்த்து அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அக்காவைப் பார்த்து அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. முதலில் கேட்டது இதைத்தான்:

"அத நிறுத்திப்புட்டியாக்கா? நேத்துலருந்து லைனே கெடைக்கல."

தமயந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும். நான் ஒரு மணி நேரம் பேசுனேன், நீ குறுக்க ஒரு வார்த்த பேசாமக் கேட்ட. நீ எப்பக்கா என்னய முழுசாப் பேச விட்ட?"

கோமதி இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் தமயந்தியைக் குத்தியது. தெரிந்துமா அது சொன்னதையெல்லாம் கேட்டாய், ஒரு மெஷின் பேச்சைக் கேட்டா வேலையை விட்டாய், அவனிடம் அடி வாங்கிக் கையை ஒடித்துக்கொண்டாய் என்று அவள் ஆற்றாமையில் பொரிந்து தள்ளினாள்.

கோமதி அக்காவை நிதானமாகப் பார்த்தாள். "மெஷின் என்னத்தக்கா சொல்லிச்சு? அம்புட்டும் நீ எழுதுனது. எட்டரை மணிக்கு ஊரே கேக்கு. எங்க மாமியாரு கேக்கா, எதுத்த வீட்டுல கேக்காவ. ஊருக்குச் சொன்னா சரி, எனக்குச் சொன்னா தப்பா?"

 பையிலிருக்கும் நாவலை எடுத்து, நான் நம்புவது இதைத்தான் என்று காட்டலாமா என்று தமயந்தி ஒரு கணம் நினைத்தாள். அந்தக் காகிதக் கட்டை அங்கே எடுத்து நீட்ட வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டின் ஒவ்வொரு பக்கமும் எழுதப்பட்ட நேரத்தில்தான் இவள் இங்கே அந்தக் குரலிடம் அழுதிருக்கிறாள்.

"கிளம்பு. இப்பவே. ஒரு பையில துணிய எடு" என்றாள். "நான் எழுதுற ரூம உனக்குத் தாரேன். நல்ல ரூம், ஒரு சத்தம் வராது. திரும்பிப் பாக்காம வாட்டி."

அந்தக் கடைசி வார்த்தைகள் கோமதியை என்னவோ செய்தன. முகம் இளகிற்று. உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பையோடு வந்தாள், சாமி படத்தின் முன்னால் ஒரு கணம் நின்றாள், வாசற்படி வரைக்கும் வந்துவிட்டாள். தமயந்தி அந்தப் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். இருபது வருடத்துக் கடன் அது, இப்போதாவது தூக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கோமதி பையைக் கொடுக்கவில்லை. படியில் நின்றபடி கேட்டாள்:

"அங்க வந்தா அத எனக்குப் போட்டு விடுவியாக்கா? நீ பாட்டுக்கு உன் சோலியப் பாப்ப. பகல்ல நான் யார்கிட்ட பேச?"

"என்கிட்ட பேசுட்டி" என்றாள் தமயந்தி. மனசாரத்தான் சொன்னாள். உலகத்தில் எதையும் இவ்வளவு மனசாரச் சொன்னதில்லை. "எத்தன நேரம்னாலும் பேசு. நான் கேக்கேன்."

கோமதி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல ஆரம்பிக்கப் போகிறாள் என்று தெரிந்தது. வைகாசியிலிருந்து தொடங்குவாளோ, அந்தக் கையிலிருந்து தொடங்குவாளோ. உதடு பிரிந்தது.

வளையம் அதிர்ந்தது.

தமயந்தி எடுக்கவில்லை. சத்தியமாகக் கையை அசைக்கக்கூட இல்லை. கண் மட்டும் கீழே போய், மாணிக்கவேல் என்ற பெயரைப் படித்துவிட்டு, வந்துவிட்டது. அவ்வளவுதான். இமை கொட்டுகிற நேரம்கூட இருக்காது.

நிமிர்ந்தபோது கோமதி வாயை மூடியிருந்தாள். பையைச் சுவரோரமாக இறக்கி வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அக்காவின் மேல் பழைய வாஞ்சைதான் இருந்தது.

"எடுத்துப் பேசுக்கா, அவசரமா இருக்கும்" என்றாள். "நான் எங்க போவப்போறேன்."